கொழும்பில் ஏசி இல்லாமல் ஓர் இயற்கை வரலாற்று நூதனசாலை கட்ட முடியுமா?

கட்டடக்கலை இறுதி ஆண்டு மாணவர் என்று சொல்லி மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் ஓர் இயற்கை வரலாற்று நூதனசாலையை ஏசி இல்லாமல் வடிவமைக்க முடியுமா? சான்பிரான்சிஸ்கோவில் இருப்பதுபோல் கூரை முழுக்கச் செடி வளர்க்கலாமா? சீமெந்துக் கல்லுக்குப் பதிலாக மண்கல் வைக்கலாமா? கேள்வி மூன்றானாலும் உள்ளே கிடக்கும் சிக்கல் ஒன்றுதான். பார்க்க வருகிற உயிருள்ள மனிதரும் உள்ளே அடுக்கி வைத்திருக்கிற செத்த பிராணிகளும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும், மாதக் கடைசியில் மின்கட்டணத்தையும் கட்ட வேண்டும். நான் கட்டடச் சேவைகள் பொறியியலாளன். இருபது வருடத்துக்கு மேலாக ஆவணக் களஞ்சியம், நூலகம், சேகரிப்பு அறை என்று அடைத்து வைக்கும் இடங்களின் காற்றோடும் ஈரத்தோடும்தான் என் பிழைப்பு. உயிரியல் படித்தவன் அல்ல. தவளைக்கு எவ்வளவு போமலின் ஊற்ற வேண்டும் என்று கேட்டால் கையை விரிப்பேன். அந்தத் தவளைப் போத்தல் இருக்கும் அறையின் சுவர் ஏன் வியர்க்கிறது என்று கேட்டால் பதில் இருக்கிறது.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மக்கள் நடமாடும் மண்டபங்களில் பெரும்பகுதிக்கு ஏசி வேண்டாம். சேகரிப்பு இருக்கும் இடத்துக்கு ஏதோவொரு இயந்திரம் கட்டாயம் வேண்டும், ஆனால் அது அறையைக் குளிராக்க வேண்டியதில்லை, ஈரத்தை எடுத்தால் போதும். உலர் மாதிரிகளை, அதாவது போத்தலில் போடாமல் காய்ந்த நிலையில் வைக்கும் பிராணிகளையும் செடிகளையும், பொறுத்தவரை இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டீர்கள் என்றால் உங்கள் வரைபடத்தில் பாதி முடிந்த மாதிரி.

சேகரிப்பு என்று நான் சொல்வது கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் சிறுத்தையையும் திமிங்கில எலும்பையும் மட்டுமல்ல. எந்த இயற்கை வரலாற்று நூதனசாலையிலும் வெளியே காட்டப்படுவது கொஞ்சம், உள்ளே அலுமாரிகளில் கிடப்பது மலையளவு: ஊசி குத்திய வண்ணத்துப்பூச்சி, பறவைத் தோல், முட்டை ஓடு, எதனோல் என்ற மதுசாரத்தில் மிதக்கும் பாம்பு. ஓர் இனத்துக்கு முதன்முதலாகப் பெயர் வைத்தபோது எந்த ஒரு தவளையை மேசையில் வைத்து விவரித்தார்களோ அந்தத் தவளையும் இப்படித்தான் ஏதோ ஒரு போத்தலில் இருக்கும். அது போனால் வேறொன்று பிடித்து வைத்து ஈடுசெய்ய முடியாது. எங்கள் கொழும்பு நூதனசாலை ஆளுநர் கிரகரி காலத்தில் 1877இல் திறந்தது. வரைந்தவர் ஜேம்ஸ் ஸ்மிதர், கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார். இயற்கை வரலாற்றுக்கென்று தனிக் கட்டடம் பக்கத்திலேயே 1986இல்தான் வந்தது. பழைய கட்டடத்தின் அகன்ற விறாந்தையில் ஒரு பின்னேரம் போய் நின்று பாருங்கள். வெயில் சுவரைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. மின்சாரம் இல்லாத காலத்தில் கட்டியவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, அதனால் ஒழுங்காக யோசித்திருக்கிறார்கள்.

இனி ஈரம். இந்தப் பத்தியை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள். கொழும்பில் வெளிக்காற்று 28 பாகை செல்சியஸ், சாரீரப்பதன் (அந்த வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய ஈரத்தில் எத்தனை வீதம் உண்மையில் இருக்கிறது என்ற அளவு) 80 வீதம் என்று வைத்துக்கொள்வோம். இது அதிசயமான நாள் அல்ல, சாதாரண நாள். அந்தக் காற்றின் ஒரு கன மீற்றரில் கிட்டத்தட்ட 22 கிராம் நீராவி இருக்கிறது. அதன் பனிபடுநிலை 24 பாகை சொச்சம். அதாவது 24 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பில் அந்தக் காற்று பட்டாலும் தண்ணீர் கோக்கும், ஐஸ் போட்ட தம்ளரின் வெளிப்பக்கம் மாதிரி. இப்போது ஒரு சேகரிப்பு அறையை 20 பாகைக்குக் குளிராக்கி, கதவிடுக்கையும் கூரை இடுக்கையும் அடைக்காமல் விட்டால் என்ன நடக்கும்? அலுமாரியின் முதுகுப்பக்கம், சுவர் மூலை, இரும்புத் தட்டு எல்லாம் தம்ளராகிவிடும். நான் ஒரு முறை இப்படி ஓர் அறையைப் பார்க்கப் போயிருந்தேன், இடத்தின் பெயர் வேண்டாம். பின்னேரம் நாலரைக்குக் கந்தோர் மூடும்போது சிக்கனம் என்று ஏசியையும் நிறுத்திவிட்டுப் போவார்கள். இரவு முழுக்க வெளியீரம் மெதுவாக உள்ளே வந்து, இன்னும் குளிராக இருந்த தட்டுகளில் படியும். காலையில் மறுபடியும் ஏசி. இரண்டு வருடத்தில் தோல் அட்டை போட்ட புத்தகம் ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பூஞ்சணம். அந்த அறைக்கு ஏசி பூட்டாமலே விட்டிருந்தால் இவ்வளவு சேதம் வந்திருக்காது என்பது என் கணிப்பு.

சாரீரப்பதன் 65 வீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் முளைக்கும் ஆபத்து தொடங்குகிறது, 75ஐத் தாண்டினால் வேகமாக முளைக்கும். கொழும்பின் வெளிக்காற்று வருடத்தில் பெரும்பகுதி நேரம் இந்த எல்லைக்கு மேலேதான் நிற்கிறது. ஆகவே 'காற்றோட்டம் விட்டால் சரியாகிவிடும்' என்ற நம் வீட்டுப் புத்தி சேகரிப்பு அறைக்குப் பொருந்தாது. அந்த அறையை டப்பா மாதிரி இறுக்கி மூட வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பதற்கு ஒரு கணக்கு. 10க்கு 10 மீற்றர், 4 மீற்றர் உயரம், 400 கன மீற்றர் அறை. உள்ளே 24 பாகை, 55 வீதம் வேண்டும், அதாவது கன மீற்றருக்கு 12 கிராம் நீராவி. மணிக்கு ஒரு தடவை உள்காற்று முழுதும் மாறுகிற சாதாரணக் கட்டடமாக இருந்தால், வெளியிலிருந்து வரும் ஈரத்தில் மணிக்கு நாலு லீற்றர், நாளைக்கு ஏறக்குறைய 95 லீற்றர் தண்ணீரை இயந்திரம் இழுத்து எடுக்க வேண்டும். இடுக்குகளை அடைத்து அந்தக் கசிவை இருபதில் ஒரு பங்காக்கினால் நாளைக்கு ஐந்து லீற்றருக்கும் குறைவு. ஐந்து லீற்றரை வீட்டுக்கு வாங்குகிற சிறிய ஈரமகற்றி எடுத்துவிடும். கதவு றப்பரும் சந்துகளில் பூசும் சிலிக்கனும் சோலார் தகட்டைவிட மலிவு, ஆனால் திறப்பு விழாவில் அவற்றைப் படம் எடுக்க யாரும் வரமாட்டார்கள்.

அதனால் நான் சொல்லும் அமைப்பு பெட்டிக்குள் பெட்டி. சேகரிப்பு நடு மாடியில், கட்டடத்தின் வயிற்றுக்குள் இருக்கட்டும். அதைச் சுற்றி நடைபாதை, அலுவலறை, ஆய்வறை. மேலே இன்னொரு மாடி, அதற்கு மேலே கூரை. வெயிலும் மழையும் நேரடியாகச் சேகரிப்பின் சுவரைத் தொடவே கூடாது. இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலை 2009இல் திறந்த டார்வின் மையத்தில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் கனத்த கொங்கிறீற்றுக் கூடு ஒன்றை வைத்து, பூச்சிகளையும் தாவரங்களையும் அதற்குள் அடுக்கினார்கள். எங்களைப் போல வருடம் முழுக்கப் புழுங்கும் சிங்கப்பூரில் 2015இல் திறந்த லீ கொங் சியான் நூதனசாலையும் ஜன்னல் மிகக் குறைந்த, பாசி படர்ந்த பாறை போன்ற ஒரு பெட்டிதான். நீங்கள் இணையத்தில் தேடிப் பார்க்க வேண்டியது கலிபோர்னியாவை அல்ல, இதை.

இதுவரை சொன்னது பௌதிகம், யாருடனும் வாதாடத் தேவையில்லை. வாதம் தொடங்குவது எண்களில். அந்த அறையை எத்தனை பாகையில் வைப்பது? ஒரு காலத்தில் 20 பாகை, 50 வீதம் என்று வேதவாக்கு மாதிரி சொன்னார்கள். இப்போது பெரிய நூதனசாலைகளே தமக்குள் செய்துகொண்ட பிஸோ ஒப்பந்தத்தின்படி பெரும்பாலான பொருட்களுக்கு 16 முதல் 25 பாகை, 40 முதல் 60 வீதம் என்று தளர்த்திவிட்டன. எங்களுக்கு அதையும் தாண்டி, உலர் மாதிரிகளை 27, 28 பாகையில் விட்டு ஈரத்தை மட்டும் 55க்குள் பிடித்தால் போதும் என்பது என் கட்சி. செலவு சட்டென்று இறங்கும். எதிர்க்கட்சியிடமும் நியாயம் இருக்கிறது: வெப்பம் கூடக் கூட இரசாயனச் சிதைவும் கூடும், பூச்சிகளும் சுறுசுறுப்பாகும். ஐம்பது வருடத்தில் எது அதிகம் தின்னும் என்று பொருளுக்குப் பொருள் தனித்தனியாகப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதைக் காப்பாளரிடம் விடுங்கள், பொறியியலாளர் தனியாக முடிவெடுத்தால் பிழையாகிவிடும்.

என் கட்சிக்கு இன்னொரு சாட்சி உண்டு. 2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஜெனரேற்றர் இருந்தவருக்கும் டீசல் கிடைக்கவில்லை. 20 பாகையில் ஓடிக்கொண்டிருந்த கசிகிற அறைகள் அந்த வாரத்தில் பட்ட பாடு சொல்லி மாளாது. இறுக்கி மூடிய அறையில், ஈரத்தை உறிஞ்சிவைக்கும் மரமும் சுடாத களிமண் பூச்சும் சிலிக்கா ஜெல்லும் இருந்தால், இயந்திரம் நின்றாலும் ஈரம் மெதுவாகத்தான் ஏறும். 'மின்சாரம் போனால் என் கட்டடம் எத்தனை நாள் தாங்கும்' என்ற கேள்வியை உங்கள் அறிக்கையில் ஓர் அத்தியாயமாகவே போடுங்கள். நிலைபேறு என்ற சொல்லுக்கு இந்த ஊரில் நான் காணும் பொருள் அதுதான்.

போத்தல் மாதிரிகள் தனிக் கதை, உங்கள் வரைபடத்தில் அவற்றைக் காணவே இல்லை. பாதுகாக்கப் பயன்படும் 70 வீத எதனோலின் ஆவி ஏறக்குறைய 17 பாகையிலேயே ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். கொழும்பில் அறை வெப்பநிலை எப்போதும் அதற்கு மேல். ஆயிரக்கணக்கான போத்தல் என்றால் அது ஒரு பெற்றோல் களஞ்சியத்துக்குச் சமம். டெல்லியின் தேசிய இயற்கை வரலாற்று நூதனசாலை 2016 ஏப்ரலில் எரிந்தது. 2018 செப்ரெம்பரில் றியோவில் பிரேசில் தேசிய நூதனசாலை எரிந்தது, தொடங்கிய இடம் ஓர் ஏசி இயந்திரம் என்று விசாரணையில் சொன்னார்கள். ஆகவே போத்தல் களஞ்சியம் தனிச்சிறகாக, தீத்தடுப்புச் சுவரோடு, பொறி பறக்காத மின்னமைப்போடு இருக்க வேண்டும். எதனோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும், அதனால் காற்றை உறிஞ்சும் வாயில் கீழே இருக்க வேண்டும். உடைந்து ஊற்றுண்டால் வெளியே ஓடாமல் தேங்க வாசலில் படி மாதிரி ஒரு தடுப்பு வேண்டும். இங்கே மட்டும் என் 'இறுக்கி மூடு' உபதேசம் உதவாது, ஆவியை வெளியே தள்ளத்தான் வேண்டும், தள்ளும் அளவுக்கு ஈரக்காற்று உள்ளே வரும், அறையை உண்மையாகவே குளிராக்கவும் வேண்டியிருக்கும். உங்கள் கட்டடத்தில் சக்தியை அதிகம் குடிக்கும் அறை இதுதான். சிறியதாக வைத்து, ஒளிக்காமல் கணக்கில் காட்டுங்கள்.

மனிதர் பகுதிக்கு வருவோம், இது சந்தோசமான பகுதி. கொழும்பு ஏறக்குறைய 7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்ரெம்பர் முதல் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், இடைப்பட்ட மாதங்களில் வடக்கே சாய்ந்து நிற்கும். ஐரோப்பியப் புத்தகத்தைப் பார்த்து 'வடக்கு ஜன்னலுக்கு நிழல் வேண்டாம்' என்று வரைந்துவிடாதீர்கள், ஜூனில் வடக்கிலும் வெயில் விழும். எங்களுக்கு வெயிலை முதலில் வாங்குவது கூரை, அதன்பின் கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும். கட்டடத்தைக் கிழக்கு மேற்காக நீட்டி, கூரையை இரட்டையாக்கி இடையில் காற்றை விடுங்கள். சோளகம் என்ற தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் மழை சாய்வாக அடிக்கும், இறவாணம் குறைந்தது ஒன்றரை மீற்றராவது வெளியே நீளட்டும். காற்று வரும் மாதத்தில் விசிறிகூடத் தேவைப்படாது. மார்ச், ஏப்ரல் புழுக்கத்தில் பெரிய மெதுவான கூரைவிசிறி உடம்புக்கு இரண்டு மூன்று பாகை குறைந்த உணர்வைத் தரும், ஒரு மணி நேரம் சுற்றிப் பார்க்க வருபவருக்கு அது போதும். ஜெஃப்ரி பாவா 1970களின் பிற்பகுதியில் கொழும்பில் வரைந்த அரச ஈட்டு வங்கிக் கட்டடத்தைப் போய்ப் பாருங்கள். பல மாடிக் கந்தோருக்கே இயற்கைக் காற்றும் வெளிச்சமும் விட அந்த மனிதர் முயன்றிருக்கிறார். எலும்பும் பாறையும் புதைபடிவமும் இப்படித் திறந்த மண்டபத்தில் ஓரளவு தாக்குப்பிடிக்கும், வலை அடித்துப் புறா வராமல் பார்த்துக்கொண்டால் சரி. இறகும் மயிரும் வண்ணத்துப்பூச்சியும் இங்கே வரக்கூடாது. காட்டியே ஆகவேண்டும் என்றால் காற்றுப்புகாத கண்ணாடிப் பேழைக்குள், 50 லக்ஸ் அளவு மங்கிய எல்.ஈ.டி. வெளிச்சத்தில் வையுங்கள்.

செடிக்கூரை. ரென்சோ பியானோ வரைந்து 2008இல் திறந்த கலிபோர்னிய அறிவியல் கழகத்தின் கூரை இரண்டரை ஏக்கர், அதில் 17 லட்சம் செடி என்கிறார்கள். அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் சான்பிரான்சிஸ்கோ குளிர்ந்த ஊர், வருடத்துக்கு 600 மில்லிமீற்றருக்குக் கிட்டத்தட்டத்தான் மழை, கோடையில் அதுவும் இல்லை. கொழும்பில் சுமார் 2,400 மில்லிமீற்றர். 15 சென்ரிமீற்றர் மண் நனைந்து ஊறினால் சதுர மீற்றருக்கு 200 கிலோவைத் தாண்டும், அதைத் தாங்க அதிகக் கொங்கிறீற்று, அதிகக் கம்பி. அடைபட்ட வடிகாலில் நுளம்பு பெருகினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பார். சேகரிப்புக்கு மேலே ஈர மண்ணைச் சுமத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. வாசல் மண்டபத்துக்கும் தேநீர்க் கடைக்கும் மேலே போடுங்கள், மற்ற இடத்தில் ஓடும் சோலாரும். இங்கே ஒரு கிலோவாற்று சோலார் நாளைக்கு மூன்றரை, நாலு யூனிற் தரும், பகலில் தேவைப்படும் நூதனசாலைக்கு நல்ல பொருத்தம். 2,000 சதுர மீற்றர் ஓட்டுக்கூரையில் வருடத்துக்கு 4,800 கன மீற்றர் மழை விழும். நாலில் மூன்று பங்கைப் பிடித்தாலும் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் கண்டு மிஞ்சும். மிஞ்சியதைக் கானுக்குள் விடாமல் வளவிலேயே ஒரு குளத்தில் தேக்குங்கள். கொழும்பு 2018இல் றாம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரமாகத் தெரிவானது இப்படித் தண்ணீர் தேங்கும் நிலங்களால்தான், வெள்ளத்தைத் தடுப்பதும் அவைதான். நிலக்கீழ் மாடி வேண்டாம். வரைந்து கொண்டு வந்தால் நானே சிவப்புப் பேனையால் வெட்டுவேன்.

மண்கல் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன், ஒரு நிபந்தனையோடு. ஒரு தொன் சீமெந்து செய்யக் கிட்டத்தட்ட முக்கால் தொன் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. அமுக்கிய மண்கல்லில் ஐந்து முதல் எட்டு வீதம் சீமெந்து கலந்தால் போதும், சுடுவதற்கு விறகும் வேண்டாம். மேற்குக் கரையில் செம்பூரான்கல்லும் கிடைக்கிறது, கபொக் என்று சிங்களத்தில் சொல்வார்களே, அதுதான். நிபந்தனை என்னவென்றால் மழை தெறிக்கும் உயரம் வரை, அரை மீற்றருக்குக் குறையாமல், கருங்கல் அத்திவாரம் எழும்ப வேண்டும். கறையான் சுவருக்குள்ளால் ஏறினால் தெரியாது, ஆகவே அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியும் ஓர் உலோகத் தகடு போடுங்கள். புதிதாக வரும் எந்த உலர் மாதிரியும் நேரே சேகரிப்புக்குள் போகக்கூடாது, அதிலுள்ள பூச்சிகள் சாக முதலில் சைபருக்குக் கீழே முப்பது பாகையில் மூன்று நாள் உறைபெட்டிக்குள் இருக்கட்டும். அதற்குப் பின்வாசலில் ஒரு சின்ன அறை ஒதுக்குங்கள், மாணவர் வரைபடங்களில் எப்போதும் மறந்துபோவது அந்த அறை. பழைய மாதிரிகளில் ஆசனிக் என்ற நஞ்சைப் பூசியிருக்கலாம், கையுறை இல்லாமல் தொடவேண்டாம் என்று ஓர் எச்சரிக்கையும் உங்கள் குறிப்பில் இருக்கட்டும். இன்னொன்று, நீங்கள் கேட்காதது: கொழும்பின் கறுவாத்தோட்டப் பகுதியில் ஒரு பழைய கட்டடம் கிடைத்து அதற்குள் இந்தப் பெட்டியை வைக்க முடியுமென்றால், புதிதாக எழுப்பும் எந்தப் பசுமைக் கட்டடத்தையும்விட அதில் சீமெந்து குறைவு. உங்கள் விரிவுரையாளர் ஒத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். வெப்பமும் ஈரமும் பதியும் சின்ன டேட்டா லொகர் இரண்டு வாங்குங்கள், விலை பெரிதில்லை. ஒன்றை உங்கள் வீட்டு விறாந்தையில் தொங்கவிடுங்கள். மற்றதை உடுப்பு அலுமாரிக்குள் வைத்து, கதவுச் சந்தில் ஒட்டுநாடா ஒட்டி, மேயிலிருந்து ஓகஸ்ட் வரை திறக்காமல் விடுங்கள். இரண்டு கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து இங்கே போடுங்கள், உங்கள் சுவர் எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்று அதை வைத்துப் பேசுவோம்.